மூடிய பாட்டிலில் ‘உயிருள்ள’ கம்போஸ்ட் டீ: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்போஸ்ட் டீ என்பது மக்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கரைசல். ‘ரெடிமேட் கம்போஸ்ட் டீ’ என்று லிட்டர் 450 ரூபாய்க்கு ஒரு பாட்டிலைத் திருச்சியில் ஒரு செடிக் கண்காட்சியில் வாங்கினேன். அதற்குள் இருந்தது கம்போஸ்ட் டீ இல்லை, யூரியா கரைத்த பழுப்புத் தண்ணீர் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். விற்றவர் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிச் சரக்கு நாளை வேறு லேபிளில் வரும். அடையாளம் தெரிந்தால் போதும்.

லேபிளில் ‘கோடிக்கணக்கான உயிருள்ள நுண்ணுயிரிகள்’, ‘100% இயற்கை’ என்று பெரிய எழுத்து. கூடவே ஒரு பசு படம். சேர்மானத்தில் மண்புழு உரம், நாட்டுச் சர்க்கரை, கடற்பாசி மூன்றும்தான் இருந்தன. பசு எதற்கு வந்தது என்று கேட்காதீர்கள், படத்தில் பசு இருந்தால் விற்கிறது. காலாவதி 24 மாதம். தொகுதி எண் இல்லை, உரிம எண் இல்லை, தழைச்சத்து (நைட்ரஜன்) எத்தனை சதவீதம் என்றும் இல்லை.

லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி, வாரம் ஒருமுறை என்று போட்டிருந்தது. அப்படியே கத்தரி, தக்காளி, மிளகாய்ப் பைகளுக்கு ஊற்றினேன். வெண்டைக்கு ஊற்றவில்லை, அது ஏற்கெனவே நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது. முதலில் எல்லாம் கரும்பச்சையாகக் குப்பென்று கிளம்பின. பார்க்க அழகுதான். ஆனால் இயற்கை உரம் இந்த வேகத்தில் வேலை செய்யாது. புண்ணாக்கிலோ கம்போஸ்டிலோ இருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் புரதமாகக் கட்டுண்டு கிடக்கும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகுதான் வேர் எடுத்துக்கொள்ளும். அதற்கு நாள் பிடிக்கும்.

அப்புறம் இலை ஓரங்கள் தீய்ந்தன. கத்தரிக் கொழுந்தின் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. தழைச்சத்து அதிகமாகி இலை கொழுத்தால் அசுவினிக்குக் கொண்டாட்டம். மிளகாய்ப் பூ கொட்டியது. பைகளில் மேல்மண் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படிந்தது. வெண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். கண்காட்சியில் ‘அக்கா, அக்கா’ என்றவர் இப்போது ‘மேடம்’ ஆகிவிட்டார். “உங்க வீட்டு போர் தண்ணி உப்பா இருக்கும் மேடம், அதான் கருகிருக்கு” என்றார். வெண்டையும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறது என்றேன். “அப்ப டோஸ் கூடிருக்கும்.” டோஸ் உங்கள் லேபிளில் போட்டதுதான் என்றேன். திறந்த பாட்டிலுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று வைத்துவிட்டார்.

பாலில் யூரியா கலந்திருக்கிறதா என்று பார்க்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு எளிய சோதனை சொல்லியிருக்கிறது. பாலில் சோயா மாவோ துவரை மாவோ கலந்து, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைக்க வேண்டும். நீலமானால் யூரியா இருக்கிறது. வேகாத துவரையில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அந்த அம்மோனியாதான் தாளை நீலமாக்குகிறது. அதே சோதனைக்கு நான் பாட்டில் திரவத்தை நிறம் வெளுக்கும் வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி இரண்டு டம்ளரில் எடுத்தேன். ஒன்றில் துவரை மாவு போட்டேன், மற்றொன்றில் போடவில்லை. மூன்றாவதில் வெறும் தண்ணீரும் மாவும். மாவு போட்ட திரவத்தில் மட்டும் தாள் நீலமானது. சற்று நேரத்தில் மூக்கில் ஏறும் அம்மோனியா வாடையும் வந்தது.

இது ஆய்வக முடிவு இல்லை, வீட்டுச் சோதனைதான். பஞ்சகவ்யத்துக்கோ கோமியம் சேர்ந்த எதற்குமோ இதைச் செய்யாதீர்கள். மாட்டுச் சிறுநீரிலேயே யூரியா உண்டு, நல்ல சரக்கும் தோற்றுவிடும். முடிவைச் சொன்னபோது விற்றவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: “கோமியம் கொஞ்சம் சேர்த்திருக்கோம் மேடம்.” லேபிளில் கோமியம் இல்லை. பாட்டிலில் கோமிய வாடையும் இல்லை, எந்த வாடையுமே இல்லை. 45 கிலோ யூரியா மூட்டை அரசு மானியத்தில் 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. லிட்டர் 450-க்கு விற்றால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப்பில் ஒரு அங்ககச் (இயற்கை விவசாய) சான்றிதழ் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் படித்தேன். யாரோ ஒருவருடைய வயலில் விளையும் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் கொடுத்த சான்று அது. பயிருக்கான சான்று வேறு, பாட்டிலில் விற்கும் இடுபொருளுக்கான ஒப்புதல் வேறு. முத்திரையைப் பார்த்து நின்றுவிடாமல், எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்ற வரியைப் படியுங்கள்.

இந்தச் சோதனையெல்லாம் இல்லாமலே, அந்த 24 மாதக் காலாவதி ஒன்றே போதும். நன்றாக மக்கிய கம்போஸ்டைத் துணியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மீன்தொட்டி பம்ப்பால் ஒரு நாள், ஒன்றரை நாள் காற்று ஊதினால் கிடைப்பதுதான் காற்றேற்றிய கம்போஸ்ட் டீ. அதில் பெருகுவது காற்று வேண்டும் பாக்டீரியாக்கள். பம்ப்பை நிறுத்தினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும், பிறகு நாற்றம்தான். அதனால் சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். நுண்ணுயிரியும் சர்க்கரையும் உயிரோடு ஒரே பாட்டிலில் இருந்தால் வாயு சேர்ந்து பாட்டில் உப்பும். என் பாட்டில் மாதக்கணக்கில் அலமாரியில் கொஞ்சம்கூட உப்பாமல் நின்றது.

பஞ்சகவ்யம் மாதக்கணக்கில் இருக்கிறதே என்பீர்கள். அது புளித்த பொருள், கதை வேறு. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறையில் அதை வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்துத் தினமும் கலக்க வேண்டும். மூன்று சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. அதற்கு வாடையும் உண்டு.

கம்போஸ்ட் டீ வேண்டுமென்றால் வீட்டிலேயே போடுங்கள். பத்து லிட்டர் வாளிக்கு அரைக் கிலோ கம்போஸ்ட் தாராளம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். வெல்லத்தைக் கண்டபடி போடாதீர்கள். கம்போஸ்ட் சரியாக மக்கியிருக்காவிட்டால், வெல்லம் ஈ.கோலி போன்ற கிருமிகளையும் சேர்த்து வளர்க்கும். கொத்தமல்லி, புதினா இலைமேல் நான் தெளிப்பதே இல்லை, வேரில் ஊற்றுவதோடு சரி.

ஒன்று, கம்போஸ்ட் டீயில் சத்து மிகக் குறைவு. செடிக்குச் சோறு வேண்டுமென்றால் புண்ணாக்குதான். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய ஏழு சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் ஐந்து. மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் ஊற்றலாம். வேப்பம் புண்ணாக்கிலும் மண் கலக்கிறார்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் கரைத்தால் மணல் அடியில் தெரிந்துவிடும்.

ஏமாந்தவர்கள் மீதியைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டில், லேபிள், பணம் அனுப்பிய விவரம், கருகிய இலைப் படம் எல்லாம் வேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மண்புழு உரத்துக்குத் தர அளவு இருக்கிறது, கடற்பாசிச் சாறு போன்ற உயிரூக்கிகளும் (செடி வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள்) 2021-ல் அதற்குள் வந்துவிட்டன. அதனால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பணத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறேன். கண்காட்சிக் கடையில் பில் தரவில்லை, போனில் பணம் அனுப்பிய பதிவு மட்டும்தான் இருந்தது. அதை வைத்தே புகாரைப் பதிந்துகொண்டார்கள்.