ஏசி நல்ல ஏசிதான், வெடிப்பது பித்தளை நட்டு

இந்த 1.5 டன் இன்வெர்ட்டர் மாடல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கீழக்கரை நண்பர் ஒருவர் கேட்டார். பாம்பன் பக்கம், கருவாட்டுக் களத்துக்குக் காற்று வாக்கில் இருக்கும் வீட்டில் இதே ஏசி சில கோடைகளாக ஓடுகிறது. கேஸ் லீக் என்று இப்போதுதான் மறுபடியும் கழற்றி மாட்டியிருக்கிறது. ஸ்டார், யூனிட், ரிமோட் விவரமெல்லாம் கடையிலேயே சொல்வார்கள். நான் எழுத வந்தது ஃப்ளேர் நட்டைப் பற்றி, அதாவது காப்பர் பைப்பின் விரித்த வாயை இணைப்போடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளை நட்டு.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அறை சீக்கிரம் குளிர்கிறது. சாயங்காலம் கரண்ட் டல்லடிக்கும் நேரத்திலும் கம்ப்ரசர் அடம்பிடிப்பதில்லை. உப்புக் காற்றில் அவுட்டோர் காயில்தான் முதலில் பொடிந்து போகும் என்பார்கள். இதில் நீலப் பூச்சுள்ள தகடுகள் இன்னும் முழுசாக நிற்கின்றன, மூடியின் ஸ்குரு மட்டும்தான் துருப்பிடித்தது. மெஷினில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கூலிங் குறைந்தால் வருகிறவர் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டுடலாம்.” எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தீராது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை. அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது அடுத்த சீசனுக்கு இன்னொரு பில்லை இப்போதே எழுதி வைப்பதுதான்.

இந்த வீட்டில் ஓட்டை எப்போதும் இன்டோர் பக்கத்து இணைப்பில். சுவருக்குப் பின்னால் டேப்பை உரித்தால் கால் இஞ்ச், அரை இஞ்ச் என்று இரண்டு நட்டு. அழுத்தத்தைக் குறைத்து கேஸைக் குளிரவைக்கும் விரிவு வால்வு அவுட்டோரில் இருப்பதால் இரண்டு குழாயுமே குளிர்ந்து வியர்க்கும். ஆர்32 கேஸ், ஏசி நின்றிருக்கும்போதே 30 டிகிரி வெயிலில் 260 பி.எஸ்.ஐ.க்கு மேல் உள்ளே நின்று தள்ளும். நட்டில் மயிரிழைக் கீறல் போதும், பகலில் ஏசி ஓடாத நேரத்திலும் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும்.

கழற்றிய நட்டைத் தூக்கி எறியாமல் பாருங்கள். மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலே சாக்பீஸ் பொடி தடவுங்கள். உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து வெடிப்பை ஒரு கோடாகக் காட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவை நெருக்கி ஒரு படம் எடுத்தால் போதும்.

வெடிப்பு எல்லாம் ஒரே வெடிப்பு இல்லை. ஸ்பேனரால் முரட்டுத்தனமாக முறுக்கியதென்றால் மரை இழுபட்டிருக்கும், காப்பர் பைப்பின் விரித்த வாய் பிளேடு மாதிரி மெலிந்திருக்கும், கீறலைச் சுற்றி உலோகம் வளைந்திருக்கும். ஐஸ் பிடித்து உடைந்ததென்றால் நட்டின் பின்பக்கக் கழுத்து வெளியே புடைத்திருக்கும். நட்டுக்கும் பைப்புக்கும் இடையே தேங்கிய வியர்வைத் தண்ணீர் உறைந்து தள்ளியது அது. ஃபில்டர் அழுக்கேறி அல்லது கேஸ் குறைந்து காயில் உறைந்தால் நடக்கும். உப்பு தின்றதென்றால் மஞ்சள் பித்தளையில் அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள் தெரியும். துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சுபோல நிற்கும் இடம் அது, ஊசியால் குத்தினால் உதிரும்.

இந்த வீட்டு நட்டுகளில் இவை எதுவும் இல்லை. நீளவாக்கில், அறுகோணத்தின் விளிம்பை ஒட்டி, நேர்க் கீறல். வளைவு இல்லை, புடைப்பு இல்லை. ஒரு பெரிய கீறலுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மெல்லிய கீறல்கள். வைஸில் வைத்து மீதியையும் பிளந்தால், பிளந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்திருக்கிறது, கடைசி ஓரம் மட்டும் பளபளவென்று தங்க நிறம். கறுத்த இடம் எப்போதோ திறந்தது, பளபளப்பது இப்போது உடைந்தது. யாரும் தொடாமலே, முறுக்கி விட்ட இறுக்கத்திலேயே மெதுவாகத் திறந்திருக்கிறது.

இது அமோனியாவின் வேலை. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் சுடாமலே வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், உறையை இழுத்து வடிவமைத்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் அப்படி ஆனது என்று 1921இல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த உறை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நம் ஃப்ளேர் நட்டில் துத்தநாகம் அதைவிட அதிகம், 40 பங்குக்குப் பக்கத்தில். துத்தநாகம் கூடக்கூட இந்த வெடிப்பும் சுலபம்.

அமோனியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம் கரையில் பதில் மூக்குக்கே தெரியும். சுறா, திருக்கை உடம்பில் யூரியா அதிகம். செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக்கும். திருக்கைக் கருவாட்டின் அந்தக் காரநெடி அதுதான். கச்சான் என்கிற மேல்காற்று களத்துப் பக்கமிருந்து வீசும் மாதங்களில் வியர்த்த நட்டின் மேலிருக்கும் தண்ணீர்ப் படலத்தில் அது கரைந்துவிடும். ஆட்டுக் கொட்டில் மேல் அவுட்டோரைத் தொங்கவிடுவதும், செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கு அருகே பைப்பைக் கொண்டுபோவதும் இதே வினைதான். அமோனியாவில் ஓடும் ஐஸ் பிளாண்ட்டில் போய்ப் பாருங்கள்: பைப், வால்வு எல்லாம் இரும்பு. செம்பையும் பித்தளையையும் கேஸ் பக்கம் விடவே மாட்டார்கள். அந்த மெக்கானிக்குகளுக்குப் பாலபாடமாகத் தெரிந்தது வீட்டு ஏசிக்கு வருகிறவர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இன்னொன்று, சோப்பு நுரை. லீக் பார்க்க நட்டில் சோப்புத் தண்ணீர் அடிக்கிறார்களே, அது வேண்டாம் என்று சில கம்பெனிகளின் இன்ஸ்டலேஷன் கையேட்டிலேயே இருக்கிறது. சோப்பில் அமோனியா இருந்தால் நட்டை அரிக்கும், உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துவைத்து உறைந்து வெடிக்கவைக்கும். லீக் பார்க்கவென்று தனியாக விற்கும் திரவத்தை வாங்குங்கள். அதையும் பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள்.

இந்த முறை செய்தது: ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் என்பதால் மிச்சத்தை முறையாக வெளியே எடுத்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டுத்தான் வேலை. பழைய விரிந்த வாயை வெட்டி, பிசிறு உள்ளே விழாமல் பைப்பைக் கீழ்நோக்கிப் பிடித்துச் சுரண்டி, நட்டைக் கோத்து, 45 டிகிரியில் புதிதாக விரித்தது. நட்டு பட்டறையில் கடைந்தது இல்லை, சூட்டில் அடித்து உருவாக்கிய தடித்த வகை. கடைந்ததில் டூல் கோடுகளும் கூர் விளிம்பும் தெரியும், அடித்ததில் தோள் உருண்டிருக்கும். கம்ப்ரசர் ஆயில் விரித்த வாயில் மட்டும் ஒரு சொட்டு. மரையில் ஆயில் போட்டால் அதே டார்க்குக்கு, அதாவது அதே முறுக்கு விசைக்கு, அதிகமாக இறுகிவிடும். கையால் மரை ஏற்றி, இரண்டு ஸ்பேனர் பிடித்து, கால் இஞ்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இஞ்சுக்கு 49 முதல் 61. டார்க் ஸ்பேனர் இல்லாமல் “கை கணக்கு” என்பவரை அனுப்பிவிடுங்கள், அந்தக் கூடுதல் இறுக்கம்தான் அமோனியாவுக்குத் தீனி. பிறகு நைட்ரஜன் ஏற்றி லீக் பார்த்து, 500 மைக்ரானுக்கு (வாக்குவத்தை அளக்கும் அலகு) கீழே வாக்குவம் இறக்கி, அது ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து, லேபிளில் உள்ள எடைக்கு கேஸ். நட்டின் மேல் இன்சுலேஷன் குழாயை ஏற்றி இரண்டு முனையையும் டேப்பால் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். வெறும் வெள்ளை டேப்பைச் சுற்றிவிட்டுப் போனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் துணி, அவ்வளவுதான்.

மெஷின் நல்லது என்றேன், மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் களத்துக் காற்று படும் வீடாக இருந்தால், இந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பதுதான் இன்றைக்கு என் பதில். கம்ப்ரசருக்குப் பல வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்த இணைப்புக்கு ஒரு வரி எழுதவில்லை. பெட்டியோடு தரும் நட்டோ மெல்லிசு. களம், கொட்டில், செப்டிக் எதுவும் பக்கத்தில் இல்லாத கீழக்கரைத் தெரு வீடென்றால் தாராளமாக வாங்கலாம். மாட்ட வரும் அன்றே தடித்த நட்டு நாலு வாங்கி வைத்திருங்கள், டார்க் ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லி முதல் போனிலேயே பேசிவிடுங்கள்.