புகைபோக்கியை மாற்றும்போது: மச்சில் தொங்கவிடுவதா, வெளிச்சுவரில் நிறுத்துவதா?

சிம்னி என்றதும் நம்மவர்க்குக் கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டும் மின்கருவிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவதோ அமெரிக்க, கனடிய வீடுகளில் விறகு அடுப்பின் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும், தொழிற்சாலையிலேயே செய்து வரும் இரட்டைச் சுவர் எஃகுக் குழாயைப் பற்றி. பழையது துருப்பிடித்தோ, உள்ளே கரி தீப்பிடித்து உட்குழாய் நெளிந்தோ போனபின் புதியதை வைக்கும்போது, எந்தக் கம்பெனிக் குழாய் என்பதைவிட, அதன் எடையை வீட்டின் எந்தப் பாகம் சுமக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும்.

மச்சு உத்தரங்களுக்கிடையே சதுரச் சட்டம் அடித்து, அதில் தாங்கிப் பெட்டியைப் பொருத்தி, அதன்மேல் குழாயை அடுக்கிச் செல்வது ஒரு வழி. குழாய் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிற்பதால் சூடு தங்குகிறது. புகை நன்றாக இழுக்கிறது. கிரியோசோட் என்னும் தார்ப்படிவும் குறைகிறது. இதன் குறை, மாடியறையையும் பரணையும் துளைத்துக்கொண்டு போகவேண்டியிருப்பது.

வெளிச்சுவரில் டீ (ஆங்கில T வடிவ) இணைப்பை வைத்து, அதன் அடியில் சுவரின் மரச்சட்டங்களில் முடுக்கிய தாங்கியில் எடையை ஏற்றுவது இன்னொரு வழி. உள்ளறைகளை உடைக்கவேண்டாம், டீயின் அடிமூடியைக் கழற்றிக் கரியை வெளியிலேயே தள்ளிவிடலாம். ஆனால் பனிக்காலத்தில் அந்தக் குழாய் முழுவதும் குளிர்ந்து நிற்பதால், அடுப்பு மூட்டிய முதல் சில நிமிடங்களில் புகை அறைக்குள்ளேயே திரும்பலாம், படிவும் கூடுதல். இடமிருந்தால் நான் மச்சையே தேர்ந்தெடுப்பேன். மச்சில்லாத சாய்கூரை அறைகளுக்குக் கூரைத் தாங்கி தனியாகக் கிடைக்கிறது.

இரண்டிலும் பலர் சறுக்குவது பழைய துளையில்தான். உள்விட்டம் 6 அங்குலமாக இருந்தாலும், இரு சுவர்களுக்கிடையேயான காப்புப்பொருள் 1 அங்குலத் தடிமன் என்றால் வெளிவிட்டம் 8. 2 அங்குலம் என்றால் 10. சுற்றிலும் மரத்துக்கு 2 அங்குல வெற்றிடம் விடவேண்டுமானால் முன்னதற்கு 12 அங்குலச் சட்டமும் பின்னதற்கு 14 அங்குலச் சட்டமும் வேண்டும். பழைய 12 அங்குலத் துளைக்குள் தடித்த குழாயை நுழைத்தால் பக்கத்துக்கு ஓர் அங்குலமே மிஞ்சும். அந்த வெற்றிடத்தில் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பது இன்னும் மோசம், ஏனெனில் வெளியேறவேண்டிய சூடு அங்கேயே தேங்கி, பக்கத்து மரத்தை ஆண்டுக்கணக்கில் வறுத்துக்கொண்டிருக்கும். பரணில் பஞ்சைத் தள்ளிவைக்கும் தகரக் கவசம் இதற்காகத்தான்.

கூரைக்கு மேலே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 விதிப்படி, குழாய் கூரையைத் துளைக்குமிடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரவேண்டும். 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்கவேண்டும். 5 அடிக்கு மேல் எழும்பினால் காற்றுக்கு ஆடாதபடி தாங்குகம்பி தேவை. தண்ணீர் இறங்காமலிருக்க வைக்கும் தகரம் எடையைத் தாங்காது. அதை நம்பிக் குழாயை விடக்கூடாது.

ஒரு கம்பெனியின் குழாயை மற்றொன்றின் தாங்கியில் ஏற்றாதீர்கள். யூஎல் 103எச்டி என்னும் பாதுகாப்புச் சோதனைச் சான்று முழுத் தொகுதிக்கும் சேர்த்தே தரப்படுகிறது. தொழிற்சாலையில் செய்த கணப்படுப்பானால் அதற்கென அனுமதித்த புகைபோக்கியையே வைக்கவேண்டும். கனடாவில் காப்புறுதிக்காரர்கள் வெட் (WETT) என்னும் விறகு அடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்றுபெற்றவரின் ஆய்வறிக்கையைக் கேட்பது வழக்கம் என்பதால், மச்சை மூடும் முன் அந்த 2 அங்குல இடைவெளியில் அளவுநாடாவை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.