குளோரினைத் தாங்கும் ஜாமர் என்று சொல்லி விற்கிறார்கள், லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

டிரையத்லானுக்காக (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிற ஆண்கள் யாராவது புது ஜாமர், அதாவது தொடையை ஒட்டி நிற்கும் நீச்சல் கால்சட்டை, வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார், அந்தப் பொருள் அதே படத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: முழங்கால் வரை வரும் ஜாமர், பாலியெஸ்டரும் பிபிடியும் கலந்த துணி, குளோரினைத் தாங்கும், தினசரிப் பயிற்சிக்கு ஏற்றது. இந்தத் துணிக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன். ஏனென்றால் குளோரின் முதலில் தின்பது ரப்பர் மாதிரி இழுபடும் எலாஸ்டேனைத்தான், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்பதும் அதே இழைதான். நைலானும் குளோரினில் நாளடைவில் நைந்து போகும். பாலியெஸ்டர் அப்படியில்லை, நின்று பிடிக்கும். பிபிடியும் பாலியெஸ்டர் வகைதான், ஆனால் அதற்கு இயல்பாகவே இழுபட்டுத் திரும்பும் குணம் உண்டு என்பதால் எலாஸ்டேன் சேர்க்காமலே உடம்போடு ஒட்டி நிற்கிற நீச்சலுடையைத் தைக்க முடிகிறது. டிரையத்லானில் ஒலிம்பிக் தூரம் என்கிற போட்டிக்கே 1.5 கிலோமீட்டர் நீச்சல், அதைவிட நீண்ட முழு அயர்ன்மேன் என்றால் 3.8, அதற்காக வாரத்தில் பல நாள் குளோரின் தண்ணீரில் ஊறுகிறவர்களுக்குத் துணிதான் முக்கியம், கலரும் லோகோவும் அப்புறம்தான்.

போட்ட புதிதில் மெத்தென்று அருமையாக இருந்தது. கொஞ்ச நாளிலேயே பின்பக்கம் தொளதொளத்துவிட்டது. சுவரை உதைத்துக் கிளம்பும்போது இடுப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து தொடையில் பை மாதிரி உப்பும், நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நிற்காது. வீட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், உட்காரும் இடத்தில் துணிக்குப் பின்னால் இருந்த என் விரல்கள் அப்படியே தெரிந்தன. தையலோரம் மெல்லிய வெள்ளை ரப்பர் நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, தொட்டு இழுத்தால் அறுந்து கையோடு வந்தன. பாலியெஸ்டர், பிபிடி மட்டும் கலந்த துணியில் அந்த நூலுக்கு வேலையே இல்லை.

அப்புறம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. இடுப்புப் பட்டியின் உள்பக்கத் தையலில் லேபிள் ஒன்றைக் கத்தரித்து எடுத்த மிச்சம் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. துணிக் கலவை பற்றி எனக்கு வந்தது வெளியே தொங்கிய அட்டை மட்டும்தான். என்னோடு பயிற்சி எடுக்கும் நண்பர் அதே ஆளிடம் அதே மாடலை வாங்கியிருந்தார், அவருடையதில் அந்த லேபிளை வெட்ட மறந்துவிட்டார்கள் போல. நைலான் 80, எலாஸ்டேன் 20 என்று அச்சடித்திருந்தது.

படங்களோடு எழுதிக் கேட்டேன். உள்ளாடை வகைப் பொருளை சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். உடுத்தியதைத் திருப்பித் தரவில்லை, சொன்ன துணி வேறு, அனுப்பிய துணி வேறு என்பதுதான் புகார் என்றேன். அதற்கு நான் துவைத்த விதம் சரியில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போடுகிறவன் நான், மெஷினில் போட்டதே கிடையாது. கடைசியில் ரேட்டிங்கை மாற்றினால் அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று பேரம் பேசினார்கள். மறுத்துவிட்டேன். அதற்கப்புறம் விளம்பரத்தில் இருந்த பிபிடி என்ற சொல் சத்தமில்லாமல் காணாமல் போய், அந்த இடத்தில் பிரீமியம் ஸ்ட்ரெச் என்று வந்திருக்கிறது. நல்லவேளை, பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் நீங்களும் எடுத்து வையுங்கள்.

இதே ஆள் பயிற்சிக்கும் நல்லது என்று ரேஸ் ஜாமரையும் தள்ளிவிடப் பார்த்தார். அது மெல்லிய துணி, தண்ணீர் ஒட்டாத பூச்சு, போட்டி நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது, தினமும் குளத்தில் போட்டால் பூச்சு சீக்கிரம் போய்விடும். டிரையத்லான் முழுக்க ஒரே உடையாகப் போடும் டிரை சூட்டும் அப்படித்தான், சைக்கிள் சீட்டுக்காக மெத்தை வைத்துத் தைத்ததை தினம் தினம் குளோரினில் ஊறவைப்பது வீண்.

பொருள் கைக்கு வந்ததும், உடுத்துவதற்கு முன்பே, உள் லேபிளைத் தேடுங்கள். இல்லையென்றால், அல்லது வெட்டியிருந்தால், அப்போதே திருப்பி அனுப்புங்கள். கையால் இழுத்தும் பாருங்கள். பிபிடி துணி புதிதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஓரளவுக்கு மேல் இழுபடாது. வழவழவென்று ரப்பராய் நீண்டுகொண்டே போனால் அதில் எலாஸ்டேன் நிறைய இருக்கிறது. குளோரினைத் தாங்கும்படி செய்த எலாஸ்டேனும் உண்டுதான், சாதாரணத்தை விட அது அதிக நாள் உழைக்கும், ஆனால் அப்படிப்பட்டதை விற்கிறவர்கள் லேபிளில் வெளிப்படையாகவே போடுவார்கள். சைஸ் விஷயத்தில், தண்ணீரில் நீச்சலுடை பொதுவாகக் கொஞ்சம் தளரும், உலர்ந்திருக்கும்போது இறுக்கமாக இருப்பதே சரியான அளவு.

விற்பனைத் தளத்தில் என் புகார் இன்னும் முடியவில்லை. நண்பருடைய லேபிளின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், பணம் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே எழுதுகிறேன்.