செம்பு தேட: சாட்டிலைட்டா, சல்லடையா, ஐ.பி.யா?

கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்த மாமா, அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் பாலைவனப் படமொன்றின் வண்ணங்களை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, கல்லைத் தொடாமலே செம்பு எங்கன்னு சொல்லிடுவீங்களா?" என்றார்.

சொல்லலாம் என்றுதான் பெங்களூரில் பலர் நினைக்கிறார்கள். கிரானைட் பாலை அதற்குத் தோதான இடம்: மரமில்லை, பாறை வெற்று மேனியாய்க் கிடக்கிறது. செம்பைச் சுமந்துவந்த சுடுகரைசல், வழியிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற பாறைக் கனிமத்தை செரிசைட்டாகவும் (பொடிப்பொடியான மைக்கா) களிமண்ணாகவும் மாற்றிவிடும். செரிசைட் 2.2 மைக்ரான் அலைநீள ஒளியை விழுங்கும். 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி இதைப் பிடித்துவந்தது. அதற்கான உணரிகள் 2008-இல் பழுதாகிவிட்டன. ஆனால் பாலைப் பாறை இருபது வருடத்தில் முகம் மாறுவதில்லை. பழைய படமே போதும்.

சிக்கல் கிரானைட்டிலேயே இருக்கிறது. பிறவியிலேயே மஸ்கோவைட் மைக்கா கொண்ட கிரானைட்டும் அதே 2.2-ஐத்தான் விழுங்கும். திரையில் சிவந்த இடத்துக்கெல்லாம் ஜீப் அனுப்பினால் மைக்கா பார்த்துவிட்டுத் திரும்பலாம். படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். இரண்டடி அகலத் தாது நரம்பு அதில் கரைந்துபோகும். ஒரு சாண் மணல் மூடினாலும் குருடுதான்.

சல்லடைக்காரர்கள் வறண்ட ஓடைகளில் மணல் அள்ளுவார்கள். எப்போதோ வந்த வெள்ளம், மேட்டுப் பாறையின் துகளை அங்கே இறக்கிவைத்திருக்கும். மழைநாட்டுப் பழக்கத்தில் மாவு போன்ற துகளை மட்டும் சலித்தெடுத்தால் ஏமாந்தோம். அதில் காற்று எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய புழுதி கலந்து, செம்பின் அளவு நீர்த்துப்போயிருக்கும். பாலையில் பருமனான துகள்களே நம்பகம். இன்னொரு லாபமும் உண்டு: நடக்கிற கால்தான், செம்புக்குடக் களிம்பு மாதிரி பச்சை படிந்த கல்லை மிதிக்கும். அந்த மாலகைட்டுக்கு நிகரான சாட்சி எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் மூட்டை கனக்கும், ஆள்கூலி ஏறும், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஐ.பி. (Induced Polarization) என்ற மின்சோதனை சர்வே மணலுக்கடியிலும் பார்க்கும். தரையில் மின்சாரம் செலுத்தி நிறுத்தினால், பாறைக்குள் தூவிக் கிடக்கும் சல்பைட் (உலோகமும் கந்தகமும் சேர்ந்த தாது) துகள்கள் மின்னூட்டத்தைச் சற்றே பிடித்துவைத்துத்தான் விடும். காய்ந்த மணலிலோ மின்சாரம் இறங்காது. குழி வெட்டி, அலுமினியத் தாள் விரித்து, உப்புநீர் ஊற்றவேண்டும். தண்ணீர் லாரிச் செலவைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம் பைரைட், தங்கம்போல மின்னும் இரும்பு சல்பைட். பல படிவுகளில் செம்பு நடுவில் இருக்க, பைரைட் அதைச் சுற்றி வளையம் கட்டும். கருவி உரக்கக் கத்துவது அந்த வளையத்தில். அங்கே துளை போட்டால் பெட்டி நிறைய பொய்த்தங்கம்.

என் காசாக இருந்தால், எந்த ஓடையில் முதலில் இறங்குவது என்று முடிவுகட்ட மட்டும் சாட்டிலைட் படம். மிச்சத்தில் பெரும்பங்கு சல்லடைக்கு. ஐ.பி. குழுவை, களிம்புக் கல் ஒன்றாவது கையில் கிடைத்த பிறகுதான் கூப்பிடுவேன். பாறையே தெரியாமல் மணல் மூடிய சமவெளி என்றால் மட்டும், முதல் நாளே தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுவேன்.