பிளாற்றினம் இல்லாத ஊக்கித் தூள்: வாங்கலாமா?

கொழும்பில் எரிபொருட்கலத்தோடு (ஐதரசனையும் ஒட்சிசனையும் தாக்கமுறச் செய்து மின்சாரம் தரும் கலம்) மல்லுக்கட்டும் நாலு பேருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் வாங்கியது இரும்பு, நைதரசன், கரி மூன்றும் சேர்ந்த கதோட்டு ஊக்கித் தூள். கலத்தில் ஒட்சிசன் தாக்கமுறும் மின்வாயான கதோட்டில், பிளாற்றினத்துக்குப் பதில் இதைப் பூசலாம். வெளிநாட்டுக் கம்பனி, பெயர் வேண்டாம். அந்தக் கறுப்புத் தூள் என்னவென்று சுங்கத்தில் விளங்கப்படுத்தியது தனிக்கதை.

பிளாற்றினம் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.4 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதும். இதில் 3, 4 மில்லிகிராம் பூச வேண்டும். படை தடிப்பதால் ஒட்சிசன் உள்ளே போகவும் நீர் வெளியே வரவும் சிரமம். தூளைக் கலந்து பூசும் மையில் நஃபியோன் (புரோத்தனைக் கடத்தும் அமிலப் பல்பகுதியம்) கூடினால் துளைகள் அடைபடும், குறைந்தால் புரோத்தன் ஓடாது. என் கைக்கு, தூளும் நஃபியோனும் ஏறக்குறையச் சம நிறையில் இருந்தபோதுதான் சரி வந்தது. கம்பனித் தாளில் இதுபற்றி ஒரு வரி இல்லை!

சின்ன மின்னோட்டத்தில் வோல்ற்றளவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தொடர்ந்து ஓட்டினால் சீக்கிரமே இறங்குகிறது. நஃபியோன் தரும் அமில ஊடகத்தில் இரும்பு கழன்று போகும். இடையில் உண்டாகும் ஐதரசன் பரவொட்சைட்டு அதே இரும்போடு சேர்ந்து கரியை அரிக்கும். கம்பனியை மட்டும் திட்டிப் பயனில்லை, இந்த இனத்தின் பிறவிக் குணம் அது. 1964 இல் ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளர், பிளாற்றினம் இல்லாத ஊக்கியாகக் கோபாற்றுத் தலோசயனீன் என்ற சேர்வையை முயன்றதும் கார ஊடகத்தில்தான். இதையும், மின்வாய்களுக்கு நடுவே அமில மென்சவ்வுக்குப் பதில் கார மென்சவ்வோடு போட்டால் இரும்பு கரைவது குறையும்.

மாணவர் செயற்றிட்டத்துக்குத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்று. அப்புறம், போத்தல் மூடியை இறுக்கி வையுங்கள். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் தூள் கட்டிபடுகிறது.