மூன்று ஊர், மூன்று லிங்க்: ஸ்டேட்டிக்கா, ரிப்பா, ஓஎஸ்பிஎஃப்பா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். ஒரு ஊரில் தேயிலை ஃபேக்டரி, இன்னொன்றில் ஆபீஸ், மூன்றாவதில் குடோன் என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் வேலை வரும். அப்போது ரூட்டர்களுக்கு வழி சொல்வது யார்? நாமே கையால் எழுதி வைத்தால் அது ஸ்டேட்டிக். ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் ரிப் அல்லது ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை.

எது நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும் என்றுதான் பாடங்களில் ஒப்பிடுவார்கள். மண்சரிவும் சாலை விரிவாக்கமும் மாறி மாறி ஃபைபரை அறுக்கும் இடத்தில் நான் வேறொன்றைப் பார்ப்பேன்: ஒரு வழி செத்துப்போனால், அது எவ்வளவு சீக்கிரம், யார் யாருக்குத் தெரியவரும்?

கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். குன்னூர்–கோத்தகிரி, கோத்தகிரி–ஊட்டி இரண்டும் 100 எம்பி (விநாடிக்கு மெகாபிட்) ஃபைபர். குன்னூர்–ஊட்டி மட்டும், நடுவில் ஒரு மேட்டில் டவர் நட்டு இழுத்த 20 எம்பி ரேடியோ லிங்க். நாம் அனுப்பும் டேட்டா பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகப் போகும். பாக்கெட்டுக்குள் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்குமே தவிர, போகும் பாதை இருக்காது. ஒவ்வொரு ரூட்டரும் தன் அட்டவணையைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

ஸ்டேட்டிக்கில் குன்னூர் ரூட்டரில் ஒரே வரி: ஊட்டி நெட்வொர்க்கான 10.10.1.0/24 வேண்டுமென்றால் கோத்தகிரியிடம் கொடு. கோத்தகிரி லிங்க் போனால் ரேடியோ வழி என்று பேக்கப்பாக இன்னொரு வரி. நெட்வொர்க்கில் வேறு பேச்சே இல்லை, ரூட்டருக்கும் பாரமில்லை. சிக்கல் என்னவென்றால், போர்ட் விளக்கு எரியும்வரை ரூட்டர் அந்த வரியை நம்பும். ரேடியோ பெட்டிக்குக் கரண்ட் இருக்கும், கேபிள் சரியாக இருக்கும், போர்ட்டும் பச்சையாக இருக்கும். அந்தப் பக்கம் டவர் யுபிஎஸ் இறங்கி நேரமாகியிருக்கும். பாக்கெட்டுகள் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். மைக்ரோடிக் ரூட்டர்களில் 'செக் கேட்வே' என்று, அடுத்த ரூட்டர் பதில் சொல்கிறதா என பிங் அடித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் இந்தக் குறை பாதி தீரும்.

மீதிப் பாதிதான் வில்லங்கம். அறுந்தது கோத்தகிரி–ஊட்டி ஃபைபர் என்றால் குன்னூருக்கு அது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டு கோத்தகிரி ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. குன்னூர் பாக்கெட்டை கோத்தகிரியிடம் கொடுக்கும். கோத்தகிரி தன் பேக்கப் வரிப்படி அதை மறுபடி குன்னூரிடமே கொடுக்கும். குன்னூர் திரும்பவும் கோத்தகிரியிடம். பாக்கெட்டில் உள்ள டிடிஎல் எண் ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும். விண்டோஸில் 128, லினக்ஸில் 64 என்று தொடங்கும் அந்த எண் பூஜ்ஜியமானதும் ரூட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். பிங் அடித்தால் 'டிடிஎல் எக்ஸ்பயர்ட் இன் டிரான்சிட்' என்று வரும். முக்கோணத்தில் பேக்கப்போடு ஸ்டேட்டிக் எழுதியவர்களுக்கு இந்த வரி நன்றாகப் பழக்கம்.

சரி, ரிப்? 1988-ல் ஆர்எஃப்சி 1058 என்ற இன்டர்நெட் விதி ஆவணமாக எழுதப்பட்ட பழைய ஆள். 30 விநாடிக்கு ஒருமுறை தன் அட்டவணையைப் பக்கத்து ரூட்டர்களிடம் ஒப்பிக்கும். போர்ட் விளக்கு எரிந்தபடியே ஒரு வழி செத்தால், 180 விநாடி பேச்சில்லாத பிறகுதான் அது செத்ததாக எடுத்துக்கொள்ளும். குன்னூர் தேயிலை ஏலம் ஆன்லைனில் நடக்கும் காலத்தில் மூன்று நிமிடம் என்பது எத்தனை லாட் என்று ஏலத்தில் உட்கார்பவரிடம் கேளுங்கள். தேர்விலும் கோட்டை விடும்: எத்தனை ரூட்டர் தாண்ட வேண்டும் என்று எண்ணுமே ஒழிய வேகம் பார்க்காது. அதனால் ஊட்டிக்கு ஃபைபரை விட்டுவிட்டு நேரடி 20 எம்பி ரேடியோவைப் பிடிக்கும். இன்னொன்று, 'உன்னிடம் கேட்டதை உனக்கே சொல்ல மாட்டேன்' என்ற ஸ்ப்ளிட் ஹொரைசன் விதி இரண்டு ரூட்டர்கள் ஒன்றையொன்று ஏமாற்றுவதைத் தடுக்கும். மூன்று பேர் வட்டமாக ஏமாற்றிக்கொண்டால் தடுக்காது. எண்ணிக்கை, 'வழி இல்லை' என்று பொருள்படும் 16-ஐத் தொடும்வரை பொய் சுற்றும். நம்முடையது முக்கோணம். வகுப்பில் சொல்லித்தர ரிப் நல்லது, மலைக்கு வேண்டாம்.

ஓஎஸ்பிஎஃப் வேறு ரகம். ஒவ்வொரு ரூட்டரும் தன் லிங்குகளைப் பற்றி மட்டும் சொல்லும், அந்தச் செய்தி எல்லாருக்கும் போகும். ஆக மூவரிடமும் ஒரே வரைபடம். அதன்மேல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட குறுக்குவழிக் கணக்கை ஒவ்வொன்றும் தானே போட்டு வழி எடுக்கும். கோத்தகிரி–ஊட்டி ஃபைபர் அறுந்து போர்ட் இறங்கினால் கோத்தகிரி உடனே அறிவிக்கும், சில விநாடிகளில் குன்னூர் ரேடியோவுக்கு மாறிவிடும். ஸ்டேட்டிக்கைச் சுற்றவிட்ட அதே விபத்து இங்கே பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது. விளக்கு எரிந்தபடி செத்த ரேடியோவா? சிஸ்கோ ரூட்டர்களின் வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒரு ஹலோ செய்தி, 40 விநாடி பதிலில்லை என்றால் கணக்கு முடிந்தது. இன்னும் குறைக்கலாம், ஆனால் இரு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவும் பொருந்த வேண்டும். அது பொருந்தவில்லையென்றால் இரண்டு ரூட்டர்களும் பேச்சின் தொடக்கமான எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும்.

ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு லிங்குக்கும் காஸ்ட் என்று ஓர் எண் வைத்து, கூட்டுத்தொகை சிறியதான வழியை எடுக்கும். அந்தக் காஸ்ட்டை ரூட்டர் தானாகப் போடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். சிஸ்கோவில் 100 எம்பியை போர்ட் வேகத்தால் வகுப்பார்கள். 100 எம்பிக்கும் 1, ஒன்றுக்குக் கீழே போகாததால் ஜிகாபிட்டுக்கும் 1. ரேடியோ பெட்டி ஜிகாபிட் போர்ட்டில் செருகியிருந்தால் அந்த 20 எம்பி லிங்கும் 1 ஆகிவிடும். கையால் 50 என்று எழுதுங்கள், இரண்டு முனையிலும். ஒரு முனையில் மட்டும் எழுதினால், கோடை சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றி கோத்தகிரி வழியே இறக்குவது போல, போகும் பாக்கெட் ஒரு பக்கமும் திரும்பும் பாக்கெட் மறுபக்கமும் போகும். நடுவில் ஃபயர்வால் இருந்தால், போனதைப் பார்க்காத அது, வருவதை உள்ளே விடாது.

பிஜிபியைப் பற்றியும் கேட்பார்கள். 1989-ல் நாப்கின்களில் வரைந்து தொடங்கிய அது, வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளை இணைப்பது. இன்றைய இன்டர்நெட் அதன்மேல்தான் நிற்கிறது. அங்கே தூரத்தைவிட யார் யாரோடு ஒப்பந்தம் என்பதே பெரிது. அதனால்தான் ஊட்டியில் ஒரு கம்பெனியின் இன்டர்நெட் இணைப்பிலிருந்து அதே தெருவில் வேறு கம்பெனியின் இணைப்புக்கு அனுப்பும் பாக்கெட்கூட சென்னை போய்த் திரும்பலாம். நெட்வொர்க்கை இன்டர்நெட்டில் அடையாளம் காட்டும் சொந்த ஏஎஸ் எண்ணும் குறைந்தது 256 முகவரிகளும் கையில் இல்லாதவருக்கு அது தேவையும் இல்லை.

என் ஓட்டு: முக்கோணத்துக்கு ஓஎஸ்பிஎஃப், மூன்றும் ஒரே குழுவாக, ஏரியா 0-வில். அதைப் போட்ட கையோடு பழைய ஸ்டேட்டிக் வரிகளை அழித்துவிடுங்கள். சிஸ்கோ கணக்கில் ஸ்டேட்டிக்கின் நம்பக எண் 1, ஓஎஸ்பிஎஃப் 110, எண் சிறியதே ஜெயிக்கும். மஞ்சூரில் ஒற்றை லிங்கோடு ஒரு கிளை இருந்தால் அங்கே ஸ்டேட்டிக்கே போதும். மாறிப்போக வேறு வழி இல்லாத இடத்தில் வழி தேடும் நெறிமுறைக்கு என்ன வேலை?