பேத்திக்கு வாங்கின வடிவப் பெட்டி

மட்டக்களப்பு நகரில ஒரு விளையாட்டுச் சாமான் கடையில, மூன்றரை வயதுப் பேத்திக்கு இந்த மரப் பெட்டியை 2,900 ரூபாவுக்கு வாங்கினேன். மூடியில வட்டம், சதுரம், முக்கோணி, செவ்வகம், அரைவட்டம் எண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டை. விளிம்பெல்லாம் நல்லா உரசியிருக்கு, சிராம்பு குத்தாது. ஈரத்துணியால தேய்ச்சுப் பார்த்தேன், சாயமும் இறங்கேல்ல.

கைக்கு நல்ல வேலை குடுக்குது. வட்டக் கட்டை எப்பிடிப் போட்டாலும் விழும். சதுரம் நாலு விதமா நுழையும், முக்கோணி மூன்று விதமா, செவ்வகம் இரண்டு விதமா. அரைவட்டத்துக்கு ஒரே வழிதான். அதிலதான் பேத்திக்குக் கோபம் வந்தது. கட்டையால மூடியில நாலு அடி அடிச்சிட்டு, பிறகு தானாவே மணிக்கட்டைத் திருப்பப் பழகிட்டாள்.

குறை முக்கோணியில. இரண்டு கட்டையும் ஒரே அச்சு, மூன்று பக்கமும் சமன். கூட வந்த பட அட்டையிலயும் எல்லா முக்கோணியும் அடி கீழ, நுனி மேல. நான் பாலர் பாடசாலையில படிப்பிச்ச காலத்தில ஒல்லி முக்கோணியைக் காட்டினா, "அது ஊசி டீச்சர்" எண்டு சொல்லுவாங்க. சதுரத்தை மூலையில நிறுத்தினா அது பட்டமாகிடும். இந்த வயதில பிள்ளை பக்கத்தை எண்ணிப் பார்க்கிறதில்ல, மொத்தத் தோற்றத்தை வச்சே பேர் சொல்லும். நெதர்லாந்தில கணிதம் படிப்பிச்ச வான் ஹீலே தம்பதி 1957இல் எழுதின ஆய்வுகளில, வடிவ அறிவின் முதல் படி இதுதான். ஒரே மாதிரி முக்கோணியையே காட்டினா பிள்ளை அந்தப் படியிலயே நிண்டிடும்.

"வேற மாதிரி முக்கோணி வச்ச பெட்டி இருக்கா மனே?" எண்டு கடையில கேட்டேன். "எல்லாம் இப்பிடித்தான் அன்ரி வருது" எண்டான். அதனால பிஸ்கட் பெட்டி மட்டையில ஒல்லி முக்கோணி, சரிஞ்ச முக்கோணி, மூலை வளைஞ்ச பொய் முக்கோணி எல்லாம் வெட்டிக் கலந்து வச்சேன். பொய்யானதைத்தான் அதிகம் ரசிக்கிறாள். "இதுக்குக் கூர் இல்ல அம்மம்மா" எண்டு தூக்கி எறியிறாள்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கெண்டா வாங்கலாம். நாலு வயதுக்கு வேண்டாம், கெதியா அலுத்துப்போகும். மூடிக் கொளுக்கி மட்டும் இறுக்கம், விரல் நசியும். குடுக்க முதல் கழற்றிடுங்க.